குளியலறைச் சுவரில் ஒரு மரத்தவளை: பல்லுயிர்ப் பதிவேட்டில் அதன் பெயரைச் சரியாக எழுதுவது எப்படி?

எங்கள் பஞ்சாயத்தில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊர் எல்லைக்குள் உள்ள உயிரினங்களின் பட்டியல், எழுதும் வேலை தொடங்கியபோது, மரம் செடிகளை ஒருவர் எடுத்துக்கொண்டார், பறவைகளை இன்னொருவர். "தவளை, பாம்பு எல்லாம் சார் பார்த்துக்கிடட்டும்" என்று மிச்சத்தை என் தலையில் கட்டினார்கள். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தவளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மழை வந்தால் கத்தும் என்பதுதான்.

பாம்பு வேலை பத்து நாளில் முடிந்தது. எங்கள் வீட்டுக் குளியலறையில் வருஷம் முழுக்கக் குடியிருக்கும் ஒரே ஒரு மரத்தவளைக்கு ஒரு வரி எழுத நாலு மாதம் ஆனது. இரண்டு முறை தவறான பெயர் எழுதி, இரண்டு முறையும் அடித்துத் திருத்தினேன். உங்களுக்கு அது ஒரு வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பதிவேடு எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதினாலும், வீட்டில் பார்த்த தவளையின் பெயர் தெரிய வேண்டும் என்பவர்களுக்கும் முதல் ஆறு படிகள் பொருந்தும்.

1. பெயரைத் தேடும் முன் ஐந்து படம் எடுங்கள்

முதல் நாள் 23 படம் எடுத்தேன். அத்தனையிலும் தவளையின் முகம்தான். பெரிய கண், அழகான முகம், யாருக்கும் அதைத்தான் எடுக்கத் தோன்றும். பெயர் சொல்ல அது போதாது. தேவையானவை இவை:

முதுகு முழுவதும் தெரிய மேலிருந்து ஒன்று. கண்ணும் செவிப்பறையும் தெரிய பக்கவாட்டில் ஒன்று, தலை மட்டும் நெருக்கமாக. கைவிரல்களும் அவற்றின் நுனி வட்டும் தெரிய ஒன்று. கால்விரலிடைச் சவ்வு தெரிய ஒன்று. கடைசியாக, தொடையின் பின்பக்கம்.

இந்தக் கடைசிப் படம்தான் பாதி வேலையை முடித்துத் தரும். கிடைப்பதும் அதுதான் கஷ்டம். தவளை உட்கார்ந்திருக்கும்போது தொடை மடிந்து மறைந்திருக்கும். பிடித்துக் காலை இழுத்துப் பார்க்க நினைக்காதீர்கள். அது சுவரில் ஏறும்போது பின்னங்கால் நீளும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, கீழே நின்று காத்திருந்தால் ஒரு நொடி தெரியும். எனக்கு மூன்று இரவு ஆனது. வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கிக்கொள்ளலாம் என்று என் பேரன் சொன்ன பிறகு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைச் சுவரில், தவளைக்கு ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வையுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. பெரிய கேமரா எல்லாம் வேண்டாம்.

நேரம்: இரவு 7 முதல் 10 மணி வரை. மழை பெய்து ஓய்ந்த இரவு என்றால் இன்னும் நல்லது. எங்கள் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, அதனால் இரண்டு வாய்ப்பு உண்டு. சோழமண்டலக் கரையில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையை விட்டுவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தவளையைத் தொட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள். சானிடைசரோ கொசுத் தைலமோ தடவிய கை வேண்டாம், அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். உப்பு டப்பாவோடு ஓடிவரும் அத்தைகளை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

2. படத்தின் தேதியையும் இடத்தையும் தொலைத்துவிடாதீர்கள்

நான் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் பேரனுக்கு அனுப்பி, அவன் கணினியில் இறக்கி ஏற்றினான். அங்கேதான் முதல் கோளாறு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். நான் ஜூனில் பார்த்த தவளை, அவன் ஏற்றிய ஆகஸ்ட் நாளில், அவன் விடுதி இருக்கும் கோயம்புத்தூரில் பதிவானது.

போனில் கேமராவின் இருப்பிட வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் மூலப்படத்தைக் கேபிள் வழியாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ மாற்றுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, மணி, இடம், மழை உண்டா, எங்கே உட்கார்ந்திருந்தது என்று கையால் எழுதி வையுங்கள். பதிவேட்டுப் படிவத்தில் வாழிடம், காணப்படும் காலம் எல்லாம் கேட்பார்கள், அப்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

3. அது மரத்தவளைதானா?

சுவரில் ஏறுவதெல்லாம் மரத்தவளை இல்லை. உப்பிய உடல், குறுகிய வாய், ஆனால் விரல் நுனி அகன்ற யூபெரோடான் வகைத் தவளைகளும் வீட்டுச் சுவருக்கு வரும். தோல் முழுக்கச் சொறிசொறியாக, தரையில் தத்திப் போவது வேறு குடும்பம்.

ஊர்ப் பெயரை நம்பி இறங்கினால் குழப்பம்தான். எங்கள் பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தேரை என்போம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் தேரை என்றால் சொறித்தோல் கொண்ட தரைவாசி. ஊர்ப் பெயரை அதற்கான கட்டத்தில் அப்படியே எழுதுங்கள், அது முக்கியம். அறிவியல் பெயருக்கு அதை வைத்துத் தாவாதீர்கள்.

ஆங்கிலப் பெயர்கள் இதைவிட மோசம். நம் வீட்டுத் தவளைக்கு இமயமலைப் பறக்கும் தவளை என்றே ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. அது பறப்பதும் இல்லை, என் குளியலறையிலிருந்து இமயமலை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சுனம் தவளை என்பது இன்னொரு பெயர். சுண்ணாம்பு அடித்த சுவரில் உட்காருவதால் வெள்ளைக்காரர்கள் நம் சுண்ணாம்பையே எடுத்து வைத்த பெயர் அது. கொஞ்சமாவது பொருத்தம் உள்ளது இதுதான்.

இணையத்தில் மரத்தவளை என்று ஆங்கிலத்தில் தேடினால் வரும் பளபளப் பச்சைத் தவளைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை, ஹைலிடே என்ற வேறு குடும்பம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நாம் பார்க்கும் மரத்தவளைகள் ரேக்கோஃபோரிடே குடும்பம். தேடும்போது இந்தக் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடினால் பாதிக் குப்பை விலகும்.

இந்தக் குடும்பத்துக்குள் எந்தப் பேரினம் என்பதற்கு ஒரு சுலபமான தடயம் நுரைக்கூடு. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரிலோ, தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையிலோ சோப்பு நுரையை அப்பியது போல ஒன்று இருந்தால் அது மரத்தவளை முட்டையிட்ட கூடு. சில நாளில் தலைப்பிரட்டைகள் அதிலிருந்து தண்ணீரில் விழும். தொட்டி கழுவும்போது யாரோ சோப்பு விட்டுவிட்டதாக நினைத்து நானே எத்தனையைத் தேய்த்துக் கழுவியிருப்பேனோ. சமவெளி வீட்டுத் தொட்டியில் நுரைக்கூடு என்றால் அநேகமாகப் பாலிபெடேட்ஸ் பேரினம். மலைக்காட்டில் கேட்கும் கட்டைவிரல் அளவுப் புதர்த்தவளைகள், அதாவது ராவோர்க்கெஸ்டஸ் பேரினம், நுரைக்கூடு கட்டுவதில்லை. அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும்.

4. எந்தப் பாலிபெடேட்ஸ்?

இங்கேதான் நான் இரண்டு முறை வழுக்கினேன்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் நான் பார்த்தது வெளிர் மஞ்சள், புள்ளியே இல்லை. இரவில் அதே தவளை கருத்த பழுப்பு, முதுகெல்லாம் கறை. இரண்டு தவளை என்றே நினைத்து இரண்டு வரி எழுதினேன். இவை நிறம் மாற்றும். ஆண் ஏறக்குறைய 4, 5 சென்டிமீட்டர், பெண் 7 வரை வரும். அதனால் அளவை வைத்தும் இரண்டு இனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

தொடையைப் பாருங்கள். பின்பக்கத்தில் கருத்த வலைப்பின்னலுக்கு நடுவே மஞ்சள் வட்டப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால், தலைத்தோல் மண்டையோட்டோடு இறுகாமல் இருந்தால், அது பாலிபெடேட்ஸ் மாகுலாட்டஸ். தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலிபெடேட்ஸ் சூடோகுருசிகர் என்று ஒன்று உண்டு. அதன் முதுகில் உடுக்கை போன்ற ஒரு கருத்த குறி இருப்பது வழக்கம், தலைத்தோல் எலும்போடு ஒட்டி இறுகியிருக்கும். தலையை நெருக்கமாக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். தோல் இறுகியதா தளர்ந்ததா என்று நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, பழகியவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

வட வங்காளம், அசாம், கிழக்கு நேபாளம் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் முதுகில் நீளவாட்டில் நாலைந்து கோடு தெரிந்தால் மாகுலாட்டஸ் என்று எழுதும் முன் பாலிபெடேட்ஸ் தெராயென்சிஸ் என்ற பெயரையும் பார்த்துவிடுங்கள்.

5. இன்றைய பெயர் எது?

சரி, தவளை எது என்று தெரிந்துவிட்டது. பெயரை எழுத வேண்டியதுதானே? கொஞ்சம் பொறுங்கள்.

நூலகத்தில் கிடைத்த பழைய ஆங்கில நூல் ஒன்றின் ஸ்கேன் பிரதியிலிருந்து ரேக்கோஃபோரஸ் மாகுலாட்டஸ் என்று எழுதிக்கொடுத்தேன். திரும்பி வந்தது. இன்னொரு பழைய பட்டியலில் ஹைலா மாகுலாட்டா. மூன்றும் ஒரே தவளைதான். 1830இல் கிரே என்பவர் இதற்கு ஹைலா மாகுலாட்டா என்று பெயரிட்டார். பேரினம் மாற மாற முதல் சொல் மாறியது. இரண்டாம் சொல் இலக்கணப் பாலுக்கு ஏற்ப, மாகுலாட்டாவாக இருந்தது மாகுலாட்டஸ் ஆனது. பழைய நூலில் தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள். எழுதும்போது ஒன்றே ஒன்றுதான், பாலிபெடேட்ஸ் மாகுலாட்டஸ்.

இன்றைய பெயரைச் சரிபார்க்க நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஆம்ஃபிபியன் ஸ்பீசிஸ் ஆஃப் தி வேர்ல்ட்' இணையத் தரவுத்தளம் இருக்கிறது. இலவசம். பழைய பெயரைப் போட்டாலும் இன்றைய பெயருக்குக் கொண்டுபோய் விடும், பரவலும் அதே பக்கத்தில் இருக்கும். நான் முதலில் இங்கே வந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

அடைப்புக்குறியைக் கவனியுங்கள். பாலிபெடேட்ஸ் மாகுலாட்டஸ் (கிரே, 1830) என்று எழுதுவார்கள், அதன் இலங்கை உறவுத் தவளையைப் பாலிபெடேட்ஸ் குருசிகர் பிளைத், 1852 என்று எழுதுவார்கள். முதலாவதில் அடைப்புக்குறி உண்டு, இரண்டாவதில் இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து நான் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கினேன். அது பிழை இல்லை. பெயரிட்டவர் வைத்த பேரினம் பின்னால் மாறியிருந்தால் அவர் பெயர் அடைப்புக்குள் போகும், மாறாவிட்டால் வெளியே நிற்கும். கிரே வைத்தது ஹைலா. பிளைத் முதலிலேயே பாலிபெடேட்ஸ் என்று வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

படிவத்தில் அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். பேரினத்தின் முதல் எழுத்து பெரியது, சிற்றினப் பெயர் முழுக்கச் சிறியது. தட்டச்சில் சாய்வெழுத்து, கையெழுத்தில் அடிக்கோடு. தவறாமல் வரும் பிழை எழுத்துக்கூட்டல்: Polypedates. y இருக்கும் இடத்தில் i போட்டுவிடாதீர்கள்.

6. பரவலை எழுதும்போது

மாகுலாட்டஸ் இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான் ஆகிய நாடுகளில் உள்ளது. ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் குறைந்த கவலைக்குரியது என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். இதை ஒரு வரியில் எழுதினால் போதும். ஊர்ப் பதிவேட்டில் கேட்பது உங்கள் எல்லைக்குள் எங்கே, எப்போது என்பதைத்தான்.

சிவப்புப் பட்டியல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும், தெற்காசியா முழுக்க வண்ணம் தீட்டி. அது மதிப்பீடு. உங்கள் ஊர் வண்ணத்துக்குள் வருகிறது என்பதால் உங்கள் ஊரில் அது இருக்கிறது என்று எழுத முடியாது. பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

என்னுடைய பெரிய தவறு இதன் எதிர்ப்பக்கம். பழைய பட்டியல் ஒன்றில் குருசிகர் தென்னிந்தியாவிலும் உண்டு என்று இருந்தது. எங்கள் ஊர் மலையடிவாரத் தோப்பில் உடுக்கைக் குறியோடு ஒன்றைப் பார்த்ததும், குருசிகர் என்று பெருமையாக எழுதிவிட்டேன். குருசிகர் இலங்கைக்கு மட்டுமே உரிய தவளை. தென்னிந்தியாவில் அந்தப் பெயரில் சொல்லப்பட்டு வந்ததை 1998இல் தாஸும் ரவிச்சந்திரனும் தனிச் சிற்றினமாகப் பிரித்து, போலிக் குருசிகர் என்ற பொருளில் சூடோகுருசிகர் என்று பெயரிட்டார்கள். 1998க்கு முந்தைய பட்டியல் எதிலிருந்து எடுத்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது நேர்மாறு: உங்களுக்குக் குருசிகர் உண்டு, சூடோகுருசிகர் இல்லை.

7. தெரிந்தவர்களிடம் உறுதி செய்யுங்கள்

நான் பயன்படுத்தியது ஐநேச்சுரலிஸ்ட், உயிரினப் படத்தை ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்லும் இணையதளம். செயலியும் உண்டு, பணம் கிடையாது. ஐந்து படத்தையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். தனித்தனியாக ஏற்றினால் ஐந்து தவளை என்று கணக்காகும், தொடைப் படம் ஒரு பக்கமும் தலைப் படம் ஒரு பக்கமும் சிதறிவிடும். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செயலி தானாகக் காட்டும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, சிற்றினப் பெயரில் குறைந்தது இருவர் ஒத்துப்போய், கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதே பெயரைச் சொன்னால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். எனக்கு மூன்று வாரம் ஆனது. அதனால் பதிவேட்டுக் கூட்டத்துக்கு முந்தின நாள் ஏற்றிவிட்டுப் பதில் எதிர்பார்க்காதீர்கள், ஒரு மாதம் முன்னாலேயே ஏற்றுங்கள்.

உரிமம் என்ற இடத்தில் 'அனைத்து உரிமையும் எனக்கே' என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் பதிவு ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போகாது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அனுமதிப்பது போதும்.

வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரியுமே என்று தயங்குபவர்கள் இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது வரைபடத்தில் புள்ளி 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கேயாவது விழும். என் தவளை பக்கத்துப் பஞ்சாயத்தில் போய் விழுந்தது. ஆகவே உண்மையான இடத்தை உங்கள் நோட்டில் தனியாக வைத்திருங்கள்.

8. காட்டுக்குள் போக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உங்கள் வீடு, தோப்பு, குளக்கரையில் படம் எடுக்க வன அனுமதி தேவையில்லை. அடுத்தவர் தோப்பு என்றால் அவரிடம் ஒரு வார்த்தை, இரவில் டார்ச்சோடு திரிவதால் காவல்காரரிடமும் ஒரு வார்த்தை.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ படம் எடுக்கவோ போவதற்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மனுவோடு நான் வைத்தவை: பதிவேட்டுக்குப் பொறுப்பான ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கடிதம், வருகிறவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை நகல், போகும் இடங்கள், நாட்கள், வண்டி எண், எதையும் பிடிக்கவோ எடுக்கவோ மாட்டோம் என்ற உறுதிமொழி. 'மழைக்காலம்' என்று பொதுவாக எழுதியதற்கு ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், தேதி போட்டுத் தர வேண்டுமாம். போட்டுக்கொடுத்தேன். பதில் வந்தபோது அந்தத் தேதி தாண்டியிருந்தது. குறைந்தது மூன்று மாதம் முன்னால் கொடுங்கள், ஒன்றுக்கு இரண்டு தேதி வரம்பு எழுதுங்கள், கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயருக்கும் பொருந்தவில்லை, புது இனம்தான் என்று தோன்றினால்? எனக்கும் ஒரு வாரம் தோன்றியது. என் பெயரைக்கூட லத்தீனில் எழுதிப் பார்த்தேன், வெளியே சொல்லவில்லை. படத்தை மட்டும் வைத்து நாம் பெயரிட்டுவிட முடியாது. மாதிரி உயிரி, ஒப்பீடு, ஆய்விதழில் விவரிப்பு எல்லாம் வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி அந்த மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். தவளையைப் பாட்டிலில் அடைத்து வைக்காமல், படத்தோடு ஒரு பல்கலைக்கழக விலங்கியல் துறையையோ இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் வட்டார மையத்தையோ அணுகுங்கள்.

9. அச்சுப் படியை ஒரு முறை படியுங்கள்

மொத்தச் செலவு எனக்கு டார்ச், அடிக்கோல், நகல், பேருந்து எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள். அதில் முந்நூறு வன அலுவலகத்துக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணம்.

கையெழுத்துப் படியைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். தட்டச்சாகி வந்ததும் அறிவியல் பெயர் இருக்கும் பக்கங்களை மட்டுமாவது ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். கணினி அவற்றைத் தப்பான ஆங்கிலம் என்று நினைத்துத் தானாகத் திருத்தும். எங்கள் பதிவேட்டின் முதல் அச்சில், நாலு மாதம் பாடுபட்டு நான் எழுதிய பாலிபெடேட்ஸ், பாலிபெப்டைட்ஸ் என்று வந்திருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் எங்கள் பஞ்சாயத்துக் குளியலறைச் சுவர்களில் இரவு நேரத்தில் புரதச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பதிவாகியிருக்கும்.